வெள்ளியாழ்ச்சைச் சொத்தும் திங்களாழ்ச்சைச் சொத்தும்: இலட்சத்தீவு முஸ்லிம்களின் தாய்வழி மரபும் ஷரீஅத்தும்

ஆய்வுச்சுருக்கம்

இலட்சத்தீவுகளில் வாழும் முஸ்லிம்கள் ஷாஃபிஈ சட்டநெறியைப் பின்பற்றுபவர்கள். அதே வேளையில் தாய்வழிக் குடும்ப அமைப்பையும் காத்து வந்தவர்கள். இவ்விரண்டும் முரண்பட்டவை என்றும், தீவு மக்களின் இஸ்லாம் முழுமை பெறாதது என்றும் கருதும் போக்கு நெடுநாளாக உண்டு. சொத்தை வெள்ளியாழ்ச்சை, திங்களாழ்ச்சை என இரண்டாகப் பகுத்த தீவு வழக்கத்தை ஆராயும் இக்கட்டுரை, அப்பகுப்பு இரு சட்டங்களுக்கும் தனித்தனி எல்லை வகுத்த ஒரு சட்டச் சிந்தனை என நிறுவ முயல்கிறது. அந்த எல்லை பிற்காலத்தில் நகர்ந்தமைக்கான காரணங்களும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இலட்சத்தீவு, தறவாடு, மருமக்கள்தாயம், ஷாஃபிஈ சட்டநெறி, வாரிசுரிமை, மாப்பிளா, மினாங்கபாவு.

முன்னுரை

இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளுள் உள்ளூர் வழக்கத்திற்கு மிகக் குறைவாக இடம் தருவது வாரிசுரிமைச் சட்டமாகும். மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு, பிள்ளைகள் உள்ள கணவன் இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, பிள்ளைகள் உள்ளவர் இறந்தால் அவர்தம் தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று எனப் பங்குகள் குர்ஆனிலேயே வகுக்கப்பட்டுள்ளன. 'ஃபராயிள்' எனப்படும் இப்பங்கீட்டுக் கலை மதறசாக்களில் தனிப்பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆகவே ஒருவன் இறந்தபின் அவன் பெற்ற பிள்ளைகளுக்கு எதுவும் இன்றி, அவனுடைய உடன்பிறந்தாளின் பிள்ளைகளே குடும்பச் சொத்தைத் தொடர்ந்து துய்க்கும் ஒரு முறை முஸ்லிம் சமுதாயம் ஒன்றில் நிலவியது என்பது வியப்பளிக்கக்கூடியதே.

மருமக்கள்தாயம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அது விளைத்த இன்னல்களைக் கவிமணியின் 'மருமக்கள் வழி மான்மியம்' வழியாக அறிந்தவர் பலர். ஆயின் அங்கு அவ்வழக்கத்தை எதிர்த்து நிற்கும் மறைச்சட்டம் ஒன்று இருக்கவில்லை. இலட்சத்தீவில் இருந்தது. அதனாலேயே தீவுகளின் நிலை தனித்து ஆராயத்தக்கதாகின்றது.

தீவுகளும் மக்களும்

அரபிக்கடலில் சிதறிக் கிடக்கும் இத்தீவுகளுள் மக்கள் வாழ்பவை பத்து. ஆந்த்ரோத், கல்பேனி, கவரத்தி, அகத்தி ஆகியவை இலக்கதீவுகள் என்றும், அமினி, கடமத், கில்தான், செத்லத், பித்ரா ஆகியவை அமிந்தீவுகள் என்றும் வழங்கப்பட்டன. தெற்கே தனித்துக் கிடக்கும் மினிக்காய் மொழியாலும் பண்பாட்டாலும் மாலத்தீவுகளைச் சார்ந்தது. அதன் சமூக அமைப்பு வேறாகையால் இங்கு ஆராயப்படவில்லை. ஏனைய தீவுகளின் பேச்சுமொழி ஜெசரி எனப்படும் மலையாள வழக்காகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகை 64,473. அவர்களுள் 96 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள்.

மதீனாவிலிருந்து வந்த உபைதுல்லாஹ் என்னும் பெரியார் கப்பல் உடைந்து கரையேறி, அமினியில் தொடங்கி ஆந்த்ரோத்தில் நிலைபெற்று இஸ்லாத்தைப் பரப்பினார் என்பது தீவு மரபு. அவருடைய அடக்கத்தலம் ஆந்த்ரோத்தில் உள்ளது. மரபு இதனை ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் வைக்கிறது. வரலாற்றாய்வாளர் பலர் மதமாற்றத்தைப் பல நூற்றாண்டுகள் நீடித்த நிகழ்வாகவே கொள்வர். காலம் எதுவாயினும், மலபார்க் கரையிலிருந்து குடியேறிய தாய்வழிச் சமூகத்தார் தம் குடும்ப அமைப்பைக் கைவிடாமலே இஸ்லாத்தை ஏற்றனர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாகும்.

தீவுச் சமூகம் சமனான ஒன்றாகவும் இருக்கவில்லை. நிலமும் ஓடமும் உடைய கோயாக்கள், கடலோடிகளாகிய மாலுமிகள், மரமேறிகளும் கூலியாட்களுமாகிய மேலாச்சேரிகள் என அது படிநிலைப்பட்டிருந்தது. ('மாலுமி' என்னும் சொல் தமிழிலும் உண்டு, அறபுச் சொல்லாகிய 'முஅல்லிம்' என்பதே அதன் வேர்.) மேலாச்சேரிகள் குடை பிடிக்கவும் செருப்பணியவும் தடை இருந்தது. பள்ளிவாசலில் ஒரே அணியில் நின்று தொழும் சமயத்தாரிடையே இத்தகைய தடைகள் நிலவின என்பதை மறந்து, தாய்வழி மரபை மட்டும் இஸ்லாத்திற்கு மாறானதாகச் சுட்டுவது பொருந்தாது.

தறவாடும் நிகாஹும்

தீவுக் குடும்பத்தின் அடிப்படை அலகு தறவாடு. ஒரு மூதாட்டியின் பெண்வழி மரபில் வந்த ஆண்களும் பெண்களும் அதன் உறுப்பினர். அதன் கிளை தாவழி. தென்னந்தோப்பு, வீடு, ஓடத்தில் பங்கு ஆகியவை தறவாட்டின் உடைமை. மூத்த ஆணாகிய காரணவர் அவற்றைப் பராமரிப்பார். கயிறும் கொப்பரையும் சருக்கரையும் ஓடங்களில் மங்களூருக்கும் கோழிக்கோட்டிற்கும் செல்லும். அரிசி திரும்பி வரும். ஒரே தறவாட்டாருக்குள் திருமண உறவு இல்லை. தாயின் உடன்பிறந்தாள் மகளை மணப்பதை ஷரீஅத் தடுக்கவில்லை. தறவாட்டு நெறி தடுத்தது. ஷரீஅத் அனுமதித்ததை வழக்கம் விலக்கிய இடம் இது. விலக்கியதால் எந்தக் கட்டளையும் மீறப்படவில்லை.

திருமணம் முழுவதும் நிகாஹ் முறைப்படியே நிகழ்ந்தது. மஹர் உண்டு, சாட்சிகள் உண்டு. பெண்ணுக்கு வலீயாக நின்றவர் தந்தையே. அன்றாட வாழ்வில் பெண்ணை வளர்த்துக் காத்தவர் மாமன்மாராயினும், நிகாஹ் அவையில் அந்த இடம் அவர்களுக்கு இல்லை. மணமுடித்த கணவன் இரவில் மனைவியின் வீட்டிற்குச் சென்று காலையில் தன் தாய்வீட்டிற்குத் திரும்புவான். அவன் உழைப்பு தன் தறவாட்டிற்கே உரியது. மணமுறிவு ஏற்பட்டால் பெண் இருக்கும் இடத்திலேயே இத்தா இருந்தாள். வீட்டை விட்டு வெளியேறவேண்டிய நிலை அவளுக்கு ஏற்படவில்லை. மனைவிக்குரிய செலவைக் கணவன் தருவது என்னும் ஷரீஅத் கடமையும் குறிப்பிட்ட பொருள்களை அளிப்பதன் வாயிலாக நிறைவேற்றப்பட்டது.

அப்துல் ரகுமான் குட்டி கல்பேனித் தீவில் திரட்டிய களத்தரவுகளின் அடிப்படையில் 1969இல் லீலா தூபே வெளியிட்ட நூலே இவ்வாழ்வை முதன்முதலாக விரிவாகப் பதிவு செய்தது. இராபின்சன் 1848இல் அளித்த அறிக்கை, எல்லிஸ் 1924இல் எழுதிய சுருக்க வரலாறு ஆகியவை ஆட்சியாளர் நோக்கில் அமைந்தவை. வரியும் கயிறும் பற்றி அவை கூறும் அளவிற்குக் குடும்பத்தைப் பற்றிக் கூறவில்லை. தாய்வழி மரபும் இஸ்லாமும் எவ்வாறு ஒத்திசைந்தன என்பதே தூபேயின் வினா. வினா நன்று. எனினும் 'ஒத்திசைவு' என்னும் சொல், இரு தரப்பும் சற்றே விட்டுக்கொடுத்துப் பொதுவான ஓரிடத்தில் சந்தித்தன என்ற எண்ணத்தைத் தருகிறது. சொத்துரிமையில் நிகழ்ந்தது அதுவன்று.

இரு கிழமைச் சொத்துகள்

தறவாட்டின் பொதுச்சொத்து 'வெள்ளியாழ்ச்சைச் சொத்து', அதாவது வெள்ளிக்கிழமைச் சொத்து எனப்பட்டது. அதனைத் தனியொருவர் விற்கவோ ஒற்றி வைக்கவோ மரணசாசனம் எழுதவோ இயலாது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் அவர் துய்த்த பங்கு எஞ்சியோரிடம் தங்கிவிடும். ஒருவர் தம் சொந்த முயற்சியால் ஈட்டியது 'திங்களாழ்ச்சைச் சொத்து'. அது அவருடைய தனியுடைமை. அவர் விரும்பியவருக்கு ஹிபாவாக வழங்கலாம். வழங்காமல் இறந்தால் ஷரீஅத் விதித்த பங்குகளின்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஏனைய வாரிசுகளுக்கும் சேரும்.

ஒரே மனிதன் இறந்த அன்று அவனைச் சார்ந்த சொத்துகள் இரு வழிகளில் பிரிந்து சென்றன. ஒன்று மருமக்களை நோக்கி. மற்றொன்று மக்களை நோக்கி. இவ்விரண்டிற்கும் நடுவில் கலப்பு என்று கூறத்தக்க எதுவும் இல்லை. ஃபராயிள் திருத்தப்படவில்லை, பங்குகள் மாற்றப்படவில்லை. எது இறந்தவனின் 'சொத்து' என்னும் வினாவிற்குத்தான் தீவார் விடை கண்டனர். ஷாஃபிஈ சட்டநெறியில் ஒருவர் உடைமையாகக் கொண்டிருந்தது மட்டுமே அவருக்குப்பின் பங்கிடப்படும். தறவாட்டு உறுப்பினருக்கு அதில் துய்ப்புரிமை மட்டுமே உண்டு, உடைமை இல்லை. உடைமை இல்லாத இடத்தில் வாரிசுரிமை எழாது. வாரிசுகள் எவரும் பங்கிட்டுக்கொள்ள முடியாதவாறு நிறுத்தி வைக்கப்படும் வக்ஃப் சொத்தை அறிந்த ஒரு சட்ட மரபிற்கு இவ்வாதம் அந்நியமானதன்று.

இதனைத் தீவாரின் தந்திரம் என்று தள்ளிவிடலாகாது. வெள்ளிக்கிழமைச் சொத்தை ஈட்டியவர் எவர் என்று இன்று கூற இயலாது. அதனைத் தோற்றுவித்த மூதாட்டியின் வாரிசுகளை ஃபராயிள் முறைப்படி கணக்கிட்டால் தீவு முழுவதுமே பங்குக்கு வரக்கூடும். பல தலைமுறை கடந்த பொதுவுடைமையை ஒருவரின் மரணத்தோடு பொருத்திக் காண்பதில் உண்மையாகவே சட்டச் சிக்கல் உண்டு.

மலபாரின் மறுப்பு

ஆலிம்கள் அனைவரும் இதனை ஏற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம், போர்த்துக்கீசியரை எதிர்த்து எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் மலபாரின் மருமக்கள்தாயத்தை விளக்குகிறார். கண்ணூரிலும் அதனைச் சார்ந்த இடங்களிலும் முஸ்லிம்கள் பலர் இவ்வழக்கத்தை மேற்கொண்டுள்ளதையும், அவர்களிடையே குர்ஆனை நன்கு ஓதுவோரும் கல்வியில் தேர்ந்தோரும் இருப்பதையும் அவர் குறிப்பிடுகின்றார். மார்க்கக் கல்வி இன்மையால் வழக்கம் நீடித்தது என்னும் எளிய விளக்கத்தை அவரது கூற்றே மறுத்துவிடுகிறது. இவர் சாதாரண எழுத்தாளரும் அல்லர். இவர் இயற்றிய 'ஃபத்ஹுல் முஈன்' ஷாஃபிஈ சட்டநூலாக மலபார், தமிழகம், தென்கிழக்காசியா எங்கும் ஓதப்படுவது. இவர் பெயரோடு ஒட்டியுள்ள 'மஅபரீ' என்னும் அடைமொழி, குடும்பத்தின் வேர் மஅபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையில் இருந்ததைக் காட்டுகின்றது. மக்கள்வழிக் கரையிலிருந்து வந்த குடும்பத்தாருக்கு மலபார் வழக்கம் உறுத்தியிருக்கக்கூடும்.

கண்ணூர் தீவுகளுக்கு அயலிடமன்று. அங்கிருந்த அறக்கல் அரச குடும்பமே தீவுகளை ஆண்டது. முஸ்லிம் அரச குடும்பமாகிய அது தாய்வழி மரபைப் பின்பற்றியது. ஆணாயினும் பெண்ணாயினும் மூத்தவரே அரசுரிமை பெற்றார். எனவே தீவார் பல காலம் பீவிமாரின் ஆட்சியில் இருந்தனர். கயிற்று வாணிகத்தைத் தன் முற்றுரிமையாக்கி அறக்கல் அரசு வாங்கிய குறைந்த விலை தீவாரை வருத்தியது. அமிந்தீவுகள் 1787இல் திப்பு சுல்தானிடம் சென்றன. 1799க்குப் பின் ஆங்கிலேயரின் தென்கன்னட மாவட்டத்தில் சேர்ந்தன. எஞ்சியவை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் முற்றாக ஆங்கில அரசின் கைக்கு வந்து மலபார் மாவட்டத்தோடு நின்றன. இவ்வகையில் 1956 வரை தீவுகள் சென்னை ஆட்சியின் கீழ் இருந்தன. அமிந்தீவுகளின் அலுவலர் 'மணியக்காரர்' என்றே அழைக்கப்பட்டார்.

சென்னை மாகாணச் சட்டங்களே வடமலபார் மாப்பிளாக்களின் தாய்வழி மரபை மாற்றியமைத்தன. 1918ஆம் ஆண்டு மாப்பிளா வாரிசுரிமைச் சட்டம், மருமக்கள்தாய மாப்பிளா ஒருவர் தாமே ஈட்டிய சொத்து இஸ்லாமியச் சட்டப்படி சேரவேண்டும் என்றது. தீவுகளின் திங்கட்கிழமைச் சொத்து பற்றிய வழக்கம் இதனையே சட்டமன்றம் எதுவுமின்றிச் செய்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1939ஆம் ஆண்டு மாப்பிளா மருமக்கள்தாயச் சட்டம் அடுத்த படிக்குச் சென்றது. அதுவரை எல்லோரும் இசைந்தாலன்றித் தறவாட்டைப் பிரிக்க இயலாது. இப்போது உறுப்பினர் தம் பங்கைக் கேட்டுப் பெறலாம். இதற்கிடையில் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னைத் திருத்தம் அவ்விலக்கையும் நீக்கியது.

தீவுகளோ 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் 'விலக்கப்பட்ட பகுதிகள்' ஆயின. ஆளுநர் ஆணையிட்டாலன்றி சட்டமன்றங்களின் சட்டங்கள் அங்குச் செல்லா. கரையில் தறவாடுகள் பிரிந்துகொண்டிருந்த காலத்தில் தீவுத் தறவாடுகள் நிலைத்தமைக்கு மக்களின் பழமைப் பற்றை மட்டும் காரணமாகக் கூறுவோர் இந்த ஆட்சியியல் வேலியைக் காணத் தவறுகின்றனர்.

கடலுக்கு அப்பால் ஓர் ஒப்புமை

இதே வினாவை இதே சட்டநெறியைச் சார்ந்த வேறொரு தாய்வழிச் சமுதாயமும் எதிர்கொண்டது. சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் மூதாதையர் சொத்தைப் 'பூசாக்கா' என்றும், தாம் ஈட்டியதைப் 'பெஞ்சாரியான்' என்றும் பிரித்தனர். அங்கு இப்பிணக்கு வெளிப்படையாகவே வெடித்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரி இயக்கத்தார் வழக்கங்களுக்கு எதிராக எழுந்தனர். அப்பூசல் டச்சுக்காரருக்கு எதிரான போராக 1837 வரை நீண்டது. பின்னர் மக்காவின் பெரிய பள்ளிவாசலில் ஷாஃபிஈ இமாமாக விளங்கிய மினாங்கபாவு அறிஞர் அகமது கத்தீப், மருமக்களுக்குச் சொத்துச் சேர்வது ஹறாம் என எழுதினார். அவருடைய மாணாக்கரான ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் வேறு முடிவுக்கு வந்தார்: பூசாக்கா வக்ஃபைப் போன்றது, எனவே அது ஃபராயிளுக்கு உட்படாது. 1952இல் புக்கித்திங்கியில் கூடிய மாநாடு, பூசாக்கா வழக்கப்படியும் ஈட்டிய சொத்து ஷரீஅத்படியும் செல்லும் என்று தீர்மானித்தது. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே நூல்களை ஓதி எதிர்மாறான முடிவுகளுக்கு வந்தமை, சிக்கல் மார்க்க அறிவில் இல்லை, சொத்தின் இயல்பு பற்றிய கணிப்பில் உள்ளது என்பதற்குச் சான்றாகும்.

தமிழ் முஸ்லிம்களிடையே இப்பிணக்கு இவ்வளவு கூர்மையடையவில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்கே தரப்படுகிறது. மருமகன் பெண்வீட்டில் வந்து வாழ்கிறான். இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்கள் தாய்வழிக் 'குடி'களைப் பேணுகின்றனர். ஆனால் இங்கெல்லாம் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மகளுக்குக் கொடுத்துவிடுகின்றனர். உயிருள்ளவர் கொடுப்பது ஹிபா. வாரிசுரிமை அங்கே எழுவதில்லை.

எல்லை நகர்ந்தமை

1956 நவம்பரில் தீவுகள் ஒன்றியப் பகுதியாயின. பள்ளிக்கூடங்களும் அரசுப் பணிகளும் வந்தன. சம்பளம் எவ்வகையில் நோக்கினும் திங்கட்கிழமைச் சொத்து. அதனால் கட்டிய வீடும் வாங்கிய படகும் அவ்வாறே. வழக்கம் பழைய வரையறையை மாற்றவில்லை. வெள்ளிக்கிழமைப் பக்கம் வளராமல் நின்றது, திங்கட்கிழமைப் பக்கம் பெருகியது. தந்தையர் மனைவி மக்களோடு ஒரே வீட்டில் வாழும் முறையும் இதனோடு பரவியது. 1965ஆம் ஆண்டு நில வருவாய், குத்தகை ஒழுங்குமுறை நில உரிமைகளை எழுத்துப் பதிவுக்குள் கொண்டுவரவும் முனைந்தது. ஷரீஅத்திற்குத் திரும்புமாறு அழைத்தோரின் குரலும் ஒலித்தது; எனினும் அவர்களின் சொற்பொழிவுகளைக் காட்டிலும் சம்பளப் பட்டியல்களே தறவாட்டை அதிகம் கரைத்தன என்று கொள்ள இடமுண்டு.

இம்மாற்றத்தால் ஆதாயம் பெற்றவர் எவர் என்பது எளிய வினாவன்று. தாய், இரு மகள்கள், ஒரு மகன் கொண்ட தாவழி ஒன்றைத் தலைக்கட்டு முறையில் பிரித்தால், 1939ஆம் ஆண்டு மலபார்ச் சட்டத்தில் அமைந்தவாறு, ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒன்று. மகள்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அப்பிள்ளைகளும் தலைக்கு ஒரு பங்கு பெறுவர். மகனின் பிள்ளைகளுக்கு அங்குப் பங்கில்லை. அதே சொத்து தாயின் தனியுடைமையாக இருந்து ஃபராயிள்படி அம்மூவருக்கும் மட்டும் சேருமானால் மகனுக்குப் பாதி, மகள்களுக்குத் தலைக்குக் கால் பகுதி. முன்னதில் பெண்ணின் கிளை பெருகப் பெருக அதன் பங்கும் பெருகும். பின்னதில் பங்கு குறைவு. ஆயினும் அது அவளுடைய சொந்தம், காரணவரின் இசைவின்றி விற்கலாம். தந்தையின் சொத்தில் பங்கு என்பதும் அவளுக்குப் புதிதாகக் கிடைத்தது. தறவாட்டில் பெண்ணுக்கு இருந்த காப்பை மட்டும் போற்றுவோர் நிருவாகம் ஆண் கையில் இருந்ததை மறக்கின்றனர்; ஷரீஅத் தந்த தனியுரிமையை மட்டும் போற்றுவோர் மணமுறிவு நேர்ந்த நாளில் வீடு எவருடையது என்பதைக் கேட்பதில்லை.

இந்திய அரசு தீவாரைப் பட்டியல் பழங்குடியினராக ஏற்றபோது வகுத்த இலக்கணமும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. ஒருவரும் அவருடைய பெற்றோர் இருவரும் தீவுகளில் பிறந்திருக்கவேண்டும் என்பது அந்த ஆணை. தறவாட்டு உறுப்புரிமைக்குத் தாய் ஒருத்தி போதும். தந்தை எவ்வூரார் என்பதை அது கேட்டதில்லை. ஷரீஅத்திலோ மரபுவழி தந்தையால் அறியப்படும். தீவின் மகள் ஒருத்தி கரையில் பிறந்த ஒருவரை மணந்து பெறும் பிள்ளை தறவாட்டில் முழு உறுப்பினர்; நிகாஹில் தந்தையின் பிள்ளை; அந்த இலக்கணத்தின்படி பழங்குடியினர் அல்லர்.